தத்துவத்தின் கடவுளும் சிலுவையின் கடவுளும்: வி. சக்கரை செட்டியாரின் வாழ்வு



கடவுள் இருக்கிறாரா என்று நம் பகுதியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காசிமேட்டில் வலை பழுது பார்ப்பவர், எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் இரவெல்லாம் காத்திருக்கும் ஓட்டுநர், மணலியில் வேலை பார்க்கும் பொறியாளர், எல்லாரும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மேலே ஒருவன் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்பார்கள். கொஞ்சம் படித்தவர்களாக இருந்தால், நம்மை மிஞ்சிய சக்தி ஒன்று உண்டு என்பார்கள். கடவுளே இல்லை என்று அடித்துச் சொல்பவர்கள் இங்கே குறைவு.

ஆனால் அந்தச் சக்திக்கும் சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இயேசு நல்லவர், பெரிய மகான் என்று மரியாதையோடு சொல்லி நகர்ந்துவிடுவார்கள். கடவுள் உண்டு என்ற இடத்திலிருந்து இயேசுவே ஆண்டவர் என்ற இடத்திற்கு ஒரு மனிதர் எப்படி வருகிறார்? அது அடுத்த படியில் கால் வைப்பது போன்றதா? அல்லது நடுவில் ஒரு கடல் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன ஒருவர் நம் ஊரிலேயே வாழ்ந்திருக்கிறார். ராயபுரத்திலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே சிறிது தூரம் போனால் உயர்நீதிமன்றம் வருகிறது. அதற்கு எதிரே அந்தக் காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது. அங்கே தத்துவம் படித்தவர் வி. சக்கரை செட்டியார். தொழிற்சங்கங்களில் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். சென்னை மாநகராட்சியின் மேயர் பட்டியலிலும் இவர் பெயர் இருக்கிறது. இந்தியக் கிறிஸ்தவ இறையியலை எழுதிய முன்னோடிகளில் ஒருவர் என்பது மட்டும் நம் மக்களில் பலருக்குத் தெரியாது. அவர் கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். அதனால் நாம் அவரை அறியாமல் இருப்பதற்கு நியாயம் கற்பிக்கலாம். ஆனால் தமிழ் மண்ணில் ஒரு தத்துவ மாணவர் கிறிஸ்துவிடம் வந்த கதை என்ற முறையில் அது நமக்கும் சொந்தமானது.

சக்கரை 1880-ஆம் ஆண்டு சென்னையில் ஓர் இந்துச் செட்டியார் குடும்பத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியிலும் பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்தார். அந்தக் கல்லூரியின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து குரு தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கல்லூரியாக வளர்ந்தது. 1841-இல் அந்தப் பள்ளியின் உயர்சாதி மாணவர்கள் இருவர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஊரே கொதித்தது. பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நிறைந்திருந்த பள்ளி ஒரே வாரத்தில் வெறிச்சோடியது போலாயிற்று. அந்தக் காலத்துச் சென்னையில் திருமுழுக்கு என்பது ஒரு தனி மனிதரின் மனமாற்றம் மட்டுமல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மதம் மாறியவரின் சொத்துரிமையைக் காக்க 1850-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சொத்தைச் சட்டம் காப்பாற்றலாம். வீட்டு வாசலையும் பந்தி வரிசையையும் எந்தச் சட்டம் காப்பாற்றும்?

சக்கரை படித்த நாட்களில் அந்தக் கல்லூரிக்கு உயிராக இருந்தவர் வில்லியம் மில்லர். 1862-இல் சென்னைக்கு வந்த இவர் 1907 வரை இங்கே உழைத்தார். திருமுழுக்குப் பெறுவோர் எண்ணிக்கையைக் கணக்கிடுவதில் இவருக்கு ஆர்வம் இருந்ததில்லை. இந்தியச் சமுதாயம் முழுவதுக்குள்ளும் கிறிஸ்துவின் எண்ணங்கள் புளிப்புமாவைப் போல மெல்லப் பரவ வேண்டும், கல்லூரி அதற்கு மண்ணைப் பண்படுத்தும் இடம் என்பது அவர் கருத்து. இதனால் அவரைக் குறை சொன்ன மறைபரப்பாளர்களும் உண்டு. அந்த வகுப்புகளில் மாணவர்கள் திருவிவிலியத்தைக் கட்டாயமாகப் படித்தார்கள். பெரும்பாலோர் படித்துவிட்டு, தேர்வு எழுதிவிட்டு, அரசு வேலைக்கோ வழக்கறிஞர் தொழிலுக்கோ போனார்கள்.

அது வேறு வகையிலும் கொந்தளிப்பான காலம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பிச் சென்னைக்கு வந்தபோது, இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றார்கள். வேதாந்தம் என்றால் படித்த இளைஞர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அப்போது சக்கரைக்குப் பதினேழு வயது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மதத்தை ஏற்பதற்கு ஒரு தத்துவ மாணவருக்கு எந்தத் தேவையும் இல்லாத நேரம் அது. கடவுளைப் பற்றிய சிந்தனையில் நம் நாடு யாருக்கும் கடன்பட்டதல்ல. பண்புகளுக்கு அப்பாற்பட்ட பரம்பொருளைப் பேசிய சங்கரர், நல்ல பண்புகள் நிறைந்த இறைவனைப் பேசிய இராமானுசர், நம் திருவொற்றியூர்க் கடற்கரையில் அடக்கமாகியிருக்கும் பட்டினத்தார், அதே ஊர்க் கோவிலுக்கு நடந்து வந்து உருகிய வள்ளலார் என்று எத்தனை பெரியவர்கள்! இறைவன் ஒருவர் என்பதையோ, அவர் எல்லையற்றவர் என்பதையோ சக்கரைக்கு ஸ்காட்லாந்திலிருந்து ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

1901-இல் அவர் தத்துவத்தில் பட்டம் பெற்றார். 1903-இல் திருமுழுக்குப் பெற்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் வந்த இந்த முடிவுக்கு எது காரணம்? கடவுளின் இருப்பை நிரூபிக்கும் ஒரு வாதமல்ல. இயேசு செய்த புதுமைகளுமல்ல. மலைப்பொழிவு கூட அல்ல, அது அன்றைய படித்த இந்துக்கள் பலருக்கும் பிடித்தமானதாகவே இருந்தது. சக்கரையைப் பிடித்து நிறுத்தியது சிலுவையில் இயேசு எழுப்பிய அந்தக் கதறல். தம் தந்தை தம்மை ஏன் கைவிட்டார் என்று சாகும் வேளையில் அவர் கேட்டாரே, மாற்கும் மத்தேயுவும் மட்டும் எழுதிவைத்திருக்கிற அந்தக் கேள்வி.

இது விந்தையாக இல்லையா? நம் போதகர்கள் பலர் இந்த இடத்தை விளக்க வேண்டி வரும்போது சற்றுத் தடுமாறுவோம். பெரிய வெள்ளியன்று ஏழு வாக்கியங்களைப் பற்றி மறையுரை ஆற்றுகிறவர்களுக்கு நாலாவது வாக்கியம் எவ்வளவு கடினம் என்று தெரியும். கிறிஸ்தவத்திற்கு எதிராக வாதாடுகிறவர்கள் எடுத்துக்காட்டும் இடமும் இதுதான். கடவுளின் மகன் என்கிறீர்கள், கடவுளே கைவிட்டாரே என்று கேட்பார்கள். பலரை விலகிப்போக வைத்த அதே இடம் இந்தத் தத்துவ மாணவரை உள்ளே இழுத்தது.

அவர் வளர்ந்த மரபின் கண்ணோடு பார்த்தால் இதன் ஆழம் புரியும். பரம்பொருளுக்குத் துன்பமில்லை. துன்பம் மாயையின் பக்கத்தில் இருக்கிறது, உண்மைப் பொருளின் பக்கத்தில் இல்லை. அவதாரம் எடுத்து வரும் இறைவனோ தீயவரை அழித்து, அறத்தை நிலைநாட்டி, வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போகிறார். மீண்டும் தேவைப்பட்டால் வேறொரு வடிவில் வருகிறார். ஞானியோ இன்ப துன்பம் இரண்டையும் கடந்தவர், கத்தி கழுத்தில் பட்டாலும் கலங்காதவர். இந்த மூன்று அச்சுகளில் எதிலும் கல்வாரி மனிதர் பொருந்தவில்லை. அவர் எதிரியை அழிக்கவில்லை. அமைதியான ஞானியைப் போலச் சாகவுமில்லை. இறைவனோடு இரவெல்லாம் உறவாடிய ஒருவர், இறைவனையே தந்தையென்று கூப்பிட்ட ஒருவர், கடைசியில் அந்த உறவின் இனிமையும் பறிபோன இருட்டுக்குள் நிற்கிறார். அங்கிருந்தும் அந்தத் தந்தையைத்தான் கூப்பிடுகிறார்.

இதைச் சக்கரை வாழ்நாள் முழுதும் சிந்தித்துக்கொண்டே இருந்தார். பின்னாளில் எழுதியபோது, இயேசு தம்மை முற்றிலும் வெறுமையாக்கிக்கொண்ட உச்சம் அதுவே என்று விளக்கினார். பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் தூய பவுல் சொல்லும் வெறுமையாக்குதல் பெத்லகேமில் முடிந்துவிடவில்லை, அது சிலுவை வரை போனது என்றார். அதைச் சொல்ல நிர்வாணம் என்ற இந்தியச் சொல்லையே துணிந்து கையாண்டார். தன்னை அழித்துக்கொள்வதைப் பற்றி நம் முனிவர்கள் பேசியதெல்லாம் அங்கே ஒரு மனிதரிடம் நிறைவேறியது என்று அவர் கண்டார். ஒரு வேறுபாடு உண்டு. முனிவர் துன்பத்திலிருந்து தாம் விடுபடுவதற்காகத் தம்மை இழக்கிறார். இயேசுவோ பிறருடைய துன்பத்திற்குள் நுழைவதற்காகத் தம்மை இழந்தார்.

குருமடத்தில் நாங்களெல்லாம் புனித தோமா அக்குவினாரின் ஐந்து வழிகளைப் படித்தோம். அசைவன யாவற்றையும் அசைக்கும் முதல்வர், காரணங்களுக்கெல்லாம் முதற்காரணர் என்று வரிசையாக எழுதித் தேர்விலும் தேறினோம். அந்த வாதங்களை நான் இன்றும் மதிக்கிறேன். படைப்பைக் கண்டு படைத்தவரை அறிவின் ஒளியால் உறுதியாக அறிந்துகொள்ள முடியும் என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல் போதித்தது. உரோமையர் திருமுகத்தின் முதல் அதிகாரமும் இதையே சொல்கிறது. ஆனால் ஐந்தாம் வழியின் முடிவில் முழங்காலிட்டு அழுத ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அக்குவினாரே 1273 திசம்பரில் ஒரு திருப்பலிக்குப் பிறகு எழுதுகோலை வைத்துவிட்டார், பிறகு தம் பெருநூலை முடிக்கவேயில்லை.

நம் காலத்தில் நடந்த ஒன்றை இங்கே ஒப்பிடலாம். ஆன்டனி ஃபுளூ என்ற ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர் ஐம்பது ஆண்டுகள் நாத்திகத்திற்காக வாதாடியவர். 2004-இல், தமது எண்பதைத் தாண்டிய வயதில், உயிர்களின் நுட்பமான அமைப்புக்குப் பின்னால் ஓர் அறிவு இருந்தே ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். உலகமெங்கும் செய்தியானது. கிறிஸ்தவர்கள் பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அவர் ஏற்றது அரிஸ்டாட்டிலின் கடவுளை. அந்தக் கடவுள் யாரோடும் பேசுவதில்லை, யாருடைய வேண்டுதலையும் கேட்பதில்லை. 2010-இல் இறக்கும் வரை அவர் அந்த இடத்திலேயே நின்றார். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. வாதம் கொண்டுபோய் விடக்கூடிய இடத்திற்கு அவர் நேர்மையாகப் போனார். அதற்கு மேல் போக வாதம் உதவாது.

புனித அகுஸ்தினாரும் இதே இடத்தில் நின்றவர்தான். பிளேட்டோவின் வழி வந்த அறிஞர்களின் நூல்களில் என்றுமுள்ள வாக்கைக் கண்டதாகவும், அந்த வாக்கு ஊனுடல் எடுத்ததை மட்டும் அங்கே காணவில்லை என்றும் தம் சரிதையில் அவர் ஒப்புக்கொள்கிறார். கடவுளைப் பற்றிய குழப்பமெல்லாம் தீர்ந்த பிறகும் அவர் திருமுழுக்குப் பெறவில்லை. அறிவுக்கு விடை கிடைத்துவிட்டது, வாழ்வு அப்படியே இருந்தது. 387-இல்தான் மிலானில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

சக்கரை இதை இன்னும் கடுமையாகச் சொன்னவர். கடவுள் என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது, ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெளிவில்லை என்பது அவருடைய எண்ணம். முதலில் கடவுளைப் பற்றிய ஒரு கருத்தை வகுத்துக்கொண்டு, அந்த அளவுகோலால் இயேசுவை அளந்து, இவர் கடவுளா என்று பார்ப்பது தலைகீழான வேலை என்றார். முதலில் இயேசுவைப் பாருங்கள், அவர் வழியாகக் கடவுள் எப்படிப்பட்டவர் என்று கற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர் காட்டிய வரிசை. வெளிப்படாத பரம்பொருளின் வெளிப்பட்ட முகம் இயேசு. அந்த முகத்தைத் தவிர்த்துவிட்டு அதன் பின்னால் இருப்பதைத் துருவ முயன்றால் மூடுபனிதான் மிஞ்சும்.

இங்கே அவரோடு முழுவதும் உடன்பட எனக்கு முடியவில்லை. அறிவால் எட்டக்கூடிய கடவுளை வெறும் மூடுபனி என்று தள்ளிவிட்டால், ஏதென்சு நகரில் தூய பவுல் அறியாத தெய்வத்தின் பீடத்தைச் சுட்டிக்காட்டிப் பேச்சைத் தொடங்கியதற்குப் பொருள் இல்லாமல் போய்விடும். சக்கரைக்கே கூட வேதாந்தம் கற்றுத்தந்த தாகம் இல்லாதிருந்தால் சிலுவையின் கதறல் அப்படித் தைத்திருக்குமா? இறைவனோடு ஒன்றாவதைவிடப் பெரிய பேறு இல்லை என்று அறிந்த ஒருவருக்குத்தானே, இறைவனால் கைவிடப்படுவதன் பயங்கரம் புரியும்? தத்துவம் அவருக்கு வாசல் வரை வழிகாட்டியது என்றே நான் நினைக்கிறேன். அவர் அதை அவ்வளவாக ஒப்புக்கொள்ளவில்லை.

இதே காலத்தில் வங்காளத்தைச் சேர்ந்த பிரம்மபாந்தவ் உபாத்யாய் வேறு வழியில் வந்தார். பிரம்ம சமாசத்தின் ஒரே கடவுள் நம்பிக்கையிலிருந்து நகர்ந்து 1891-இல் கத்தோலிக்கரானவர் அவர். அறிவால் அறியும் கடவுள் வேறு, வெளிப்பாட்டால் மட்டுமே அறியக்கூடிய மூவொரு கடவுள் வேறு என்று கறாராகப் பிரித்து, முதலாவதற்கு வேதாந்தத்தையே அடித்தளமாக்கலாம் என்று வாதாடினார். நம் கத்தோலிக்கச் சிந்தனைக்கு அவர் வழி நெருக்கமானது. ஆனால் சாதாரண மனிதரை உலுக்குவது எது என்று கேட்டால், நான் சக்கரையின் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

திருமுழுக்குக்குப் பிறகு சக்கரை சட்டம் படித்துச் சில காலம் வழக்கறிஞராக இருந்தார். 1908 அளவில், தம் மைத்துனர் பி. செஞ்சையாவோடும் நண்பர்களோடும் சேர்ந்து கிறிஸ்தோ சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கிறிஸ்தவராவதற்கு ஆங்கிலேயராக வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். 1913-இல் வழக்கறிஞர் தொழிலை விட்டு டேனிஷ் மிஷனில் போதகராகச் சேர்ந்து சுமார் இருபது ஆண்டுகள் பணியாற்றினார். வருமானமுள்ள தொழிலை விட்டு மிஷன் சம்பளத்திற்குப் போனது அந்தக் காலத்தில் எளிய முடிவல்ல. கிறிஸ்டியன் பேட்ரியாட் என்ற சென்னை இதழின் ஆசிரியராகவும் சில ஆண்டுகள் இருந்தார். ஹோம் ரூல் கிளர்ச்சியிலும், பின்பு காந்தியடிகளின் இயக்கத்திலும் ஈடுபட்டார். கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரன் பக்கம் என்ற பேச்சு அடிபட்ட நாட்களில் இது முக்கியமானது.

அவர் எழுதிய நூல்களில் இரண்டு முக்கியமானவை. ஜீசஸ் தி அவதார் என்பது ஒன்று. 1932-இல் வந்த தி கிராஸ் அண்டு இண்டியன் தாட் மற்றொன்று. அவதாரம் என்ற சொல்லைக் கண்டதும் நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கும். நம் பழைய ஞான நூல்களிலும் மனுஷாவதாரம் என்ற சொல் இருந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சக்கரை அந்தச் சொல்லை எடுத்து அதற்குள் புதிய பொருளை வைத்தார். மற்ற அவதாரங்கள் வந்து போகிறவை. இயேசுவின் அவதாரம் முடிவதேயில்லை. அவர் எடுத்த மனிதத் தன்மையை அவர் களைந்துவிடவில்லை. உயிர்த்த பின்னும் மனிதராகவே இருக்கிறார், தூய ஆவியின் வழியாக நம்பிக்கை கொண்டோருக்குள் அந்த அவதாரம் தொடர்ந்துகொண்டிருக்கிறது. கலிலேயாவில் நடந்த பழங்கதையாக அல்லாமல், இன்று உள்ளத்தில் அனுபவிக்கிற ஒன்றாகக் கிறிஸ்துவைக் காண வேண்டும் என்றார். தூய ஆவியாரையும் உயிர்த்த இயேசுவையும் அவர் பேசும் விதத்தில் இருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு மங்கிப்போகிறது. திரு அவையின் போதனைப்படி இது போதாது. ஆனால் பக்தி என்பதை அழகான உணர்ச்சியாக மட்டும் பார்க்காமல், கடவுளை அறிவதற்கான வழியாகவே அவர் பார்த்தது எனக்கு மிகவும் பிடிக்கிறது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் பாடிய மொழியில் வளர்ந்தவருக்கு இது இயல்பாக வந்திருக்கும்.

1938-இல் செஞ்சையாவும் சக்கரையும் அவர்களுடைய நண்பர்களும் சேர்ந்து இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்வது பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள். அதே ஆண்டு திசம்பரில் உலக மறைபரப்பு மாநாடு தாம்பரத்தில், முந்தின ஆண்டு அங்கே குடிபெயர்ந்திருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்திலேயே நடந்தது. மேலைநாட்டு அமைப்புமுறையோடு வந்த சபை இந்தியாவுக்குத் தேவையா என்று அந்தக் குழுவினர் கேட்ட கேள்வி அங்கே வந்தவர்களுக்குக் கசந்தது. திரு அவை இல்லாமல் கிறிஸ்துவை வைத்துக்கொள்ள முடியும் என்ற அவர்கள் நினைப்பை நான் ஏற்கவில்லை. நற்கருணையும் ஒப்புரவும் இல்லாமல் அனுபவம் எத்தனை நாள் தாங்கும்? ஆனாலும் ஒன்று கவனியுங்கள். தாம் ஏற்றுக்கொண்ட மதத்தின் அமைப்புகளை இவ்வளவு குறை சொன்ன மனிதர், 1903-இல் தலையில் வாங்கிய தண்ணீரை ஒருநாளும் மறுதலிக்கவில்லை.

இனி வடசென்னைக்கு வருவோம். 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்கு நடுப்பகலில் உண்பதற்குக்கூடப் போதிய இடைவேளை இல்லை என்ற குறையிலிருந்து பிறந்த சங்கம் அது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். அந்தத் தொழிலாளர் இயக்கத்திற்குள் சக்கரை செட்டியாரும் வந்து சேர்ந்தார். போதகர் வேலையும் சங்க வேலையும் ஒன்றாக நடந்தன. 1921-இல் அந்த ஆலைகளில் பல மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் சாதியால் பிளவுபட்டார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இன்றும் அந்தத் தெருக்களில் வயதானவர்களிடம் கேட்டால் தாத்தா காலத்துக் கதையாகச் சொல்வார்கள்.

அந்த மேடைகளில் அவரோடு நின்றவர்களைப் பாருங்கள். திரு.வி.க. சைவர், எல்லாச் சமயங்களையும் மதித்தவர், கிறிஸ்துவைப் பற்றியும் ஒரு பாடல் நூல் எழுதியவர். சிங்காரவேலர் மீனவச் சமுதாயத்தில் பிறந்தவர், 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய பொதுவுடைமையாளர், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். நடுவில் சக்கரை. இந்த மூவரும் ஆலை வாசலில் நிற்கும் கூலிக்காரருக்காகப் பேசினார்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் அங்கே முதலில் எழவில்லை. பசித்தவர் பக்கம் யார் நிற்கிறார் என்பதே முதல் கேள்வியாக இருந்தது. சிலுவையில் கைவிடப்பட்டவரின் குரலைக் கேட்டுக் கிறிஸ்தவரான ஒருவர், கைவிடப்பட்டவர்கள் கூடிய இடத்திற்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. அவர் தம் இறையியலையும் தொழிற்சங்கப் பணியையும் இணைத்துப் பெரிதாக விளக்கம் எழுதவில்லை. இந்த இணைப்பைச் செய்வது நான்தான். ஆனால் ஒரே மனிதரின் ஒரே நெஞ்சில் இரண்டும் இருந்தன அல்லவா?

1941-இல் அவர் சென்னை மேயரானார், உலகப்போர் நடந்துகொண்டிருந்த நாட்கள். மாநிலச் சட்டமேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1950களில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1920-இல் லாலா லஜபதிராய் முதல் தலைவராக இருந்த அந்த அமைப்பு, அப்போது பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கில் இருந்தது. கம்யூனிசக் கொள்கையை ஏற்று அறிக்கையிடும் கத்தோலிக்கர் திரு அவைக்குப் புறம்பானவர் என்று 1949-இல் உரோமை அறிவித்திருந்தது. நம் பங்குகளில் செங்கொடியைக் கண்டாலே அஞ்சிய காலம் அது. அந்தக் கொடியின் கீழிருந்த தொழிலாளர்களுக்கு, கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றி நூல் எழுதிய ஒருவர் தலைவராக இருந்தார். இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அன்றைய இரு தரப்பினருமே திகைத்திருப்பார்கள். நமக்கும் எளிதாக விடை கிடைப்பதில்லை.

பங்குகளில் திருமுழுக்குக்காகத் தயாராகும் பெரியவர்களோடு பேசும்போது நான் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கடவுள் ஒருவர், படைத்தவர், நல்லவர் என்ற பாடங்கள் வரை அவர்கள் தலையசைத்துக்கொண்டே வருவார்கள். இதெல்லாம் எங்களுக்கும் தெரியும் ஃபாதர் என்ற முகம். பாடுகளின் வரலாற்றுக்கு வரும்போது அந்தத் தலையசைப்பு நின்றுவிடும். சிலர் அங்கே விலகிப்போகிறார்கள். துறைமுகத்தில் மகனை விபத்தில் இழந்த ஒரு தாய், அந்தக் கதறலைப் பற்றிய பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். அவர் தத்துவம் படித்தவரல்லர். அந்த அம்மாவும் சக்கரையும் ஒரே வாசல் வழியாக வந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சக்கரை செட்டியார் 1958-இல் இறந்தார். அடுத்த ஆண்டு செஞ்சையாவும் போனார். இறையியல் கல்லூரிகளில் அவருடைய நூல்களைச் சில மாணவர்கள் இன்றும் ஆய்வுக்கு எடுக்கிறார்கள், சங்கத்தார் அவரைத் தொழிலாளர் தலைவராக மட்டும் நினைவுகூர்கிறார்கள். பெரம்பூர் ஆலைகள் 1990களில் மூடப்பட்டுவிட்டன. உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கல்லூரி தாம்பரத்துக்குப் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆண்டர்சன் பெயரால் கட்டப்பட்ட ஆலயம் மட்டும் என்.எஸ்.சி. போஸ் சாலையில், பழக்கடைகளுக்கும் பேருந்து இரைச்சலுக்கும் நடுவே, இன்னும் நிற்கிறது. பாரிமுனைக்கு வேலையாகப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்கலாம்.